சர்வகலாசாலைச் சபையில் புதிய பட்டதாரிகள்

செப்டம்பர் 5-ந் தேதி நம் நாட்டில் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவதை நேயர்கள் அறிவார்கள். 1888-ம் வருஷம் அத்தேதியில் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் ஞாபகார்த்தமாக 1962 முதல் அவ்வைபவம் நடைபெற்று வருகிறது. அத்தேதிக்கு வேறொரு பெருமையும் உண்டு; அதை நினைப்பவர் சிலரே. 1857-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதிதான் சென்னை சர்வகலாசாலையை ஸ்தாபிக்கும் சட்டம் பிறந்தது. முப்பத்தொரு வருஷம் மூத்த அந்தக் கலாஸ்தாபனத்திலேயே தணிகைமலை அடிவாரத்துப் பிள்ளை பட்டம் பெற்றார். 1948-ல் இந்திய சர்வகலாசாலைகள் அனைத்தையும் பரிசீலித்த கமிஷனுக்குத் தலைமை வகித்தார். முடிவில் ராஷ்டிரபதியும் ஆனார்.

இதைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு நாம் நின்றுவிடுவது வழக்கம். இன்று ஒரு கேள்வியையும் கேட்க விரும்புகிறோம். ஒரு சர்வகலாசாலை வளர்த்துவிட்ட மக்களுக்கு அதை நடத்துவதில் பங்கு உண்டா, இல்லையா? உண்டெனில், அப்பங்கு எப்பொழுது கிடைக்க வேண்டும்? தலை நரைத்த பிறகா, பட்டம் பெற்ற மறுநாளா?

சபையின் அதிகாரம்

கேள்வி அற்பமானது என்று எவரும் எண்ண வேண்டாம். சர்வகலாசாலை என்பது கடற்கரையில் நிற்கும் கட்டிடமன்று. அதன் உயிர் ஸெனேட், ஸிண்டிகேட் என்னும் சபைகளில் இருக்கிறது. பாடத்திட்டம், பரீட்சைக் கட்டணம், கல்லூரிகளை இணைத்துக்கொள்வது, ஆசிரியர் நியமனம், வரவு செலவு ஆகிய யாவும் ஏதோவொரு சபையின் மேஜைக்கு வந்தே தீரும். திருத்தணியிலுள்ள அரசினர் கலைக் கல்லூரியில் படிக்கும் நெசவாளர் வீட்டுப் பெண்ணின் மதிப்பெண் பட்டியல் எப்போது வரும் என்பதும், சென்னையில் கூடும் அச்சபைகளைப் பொறுத்ததே.

அச்சபை மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1913-ம் வருஷம் சென்னைத் துறைமுக ஆபீஸில் ஒரு குமாஸ்தா இருந்தார். எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். அக்காலத்து விதிகளின்படி ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்துக்கு அவர் தகுதியற்றவர். ஆயினும் சர்வகலாசாலை அதிகாரிகள் விதியின் எழுத்தைப் பார்க்காமல் அதன் நோக்கத்தைப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மாதம் 75 ரூபாய் அளித்தார்கள். அந்தக் குமாஸ்தாவே கணித மேதை ராமாநுஜன். சபையில் இருப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்து ஒருவனுடைய வாழ்வு மலர்வதும் உண்டு, கருகுவதும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கர்ஸான் விதித்த பத்து வருஷம்

சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். 1857-ம் வருஷத்துச் சட்டம் சபையை நியமிக்கும் உரிமை முழுவதையும் சர்க்காரிடமே கொடுத்தது. நியமனம் பெற்றவர்கள் ஆயுள் உள்ளவரை அங்கத்தினர். பட்டதாரி என்று ஒரு வகுப்பே அப்பொழுது தோன்றவில்லை, சி. வை. தாமோதரம் பிள்ளை முதலானோர் பட்டம் பெற்ற பின்னரே அது தோன்றிற்று.

அவ்வகுப்பு வளர்ந்து, பத்திரிகை நடத்தவும் காங்கிரஸில் பேசவும் தொடங்கிய காலத்தில் கர்ஸான் பிரபு 1904-ம் வருஷத்து சர்வகலாசாலைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கோகலே அதைச் சட்டசபையில் வன்மையாக எதிர்த்தார். அவர் எதிர்ப்பு பலிக்கவில்லை. சென்னை சர்வகலாசாலையின் ஸெனேட்டில் அதிகபட்சம் நூறு அங்கத்தினர் இருக்கலாம். அவர்களில் இருபது பேரே தெரிந்தெடுக்கப்படுவோர். அந்த இருபதிலும் பதிவு பெற்ற பட்டதாரிகள் தெரிந்தெடுப்பது பத்து. மிகுதிப் பேர் அனைவரும் சான்ஸலரின் நியமனம்.

இது எல்லோரும் அறிந்த கதை. அதே சட்டத்தின் மூலையில் இருந்த மற்றொரு விதியை நம்மவர் அதிகம் கவனித்ததில்லை. எம்.ஏ. முதலிய உயர்ந்த பட்டம் பெற்றவர் உடனே பதிவு செய்துகொள்ளலாம், வெறும் பி.ஏ. பெற்றவரோ பட்டம் பெற்றுப் பத்து வருஷம் கழிந்த பிறகே பதிவேட்டில் ஏற முடியும். எம்.ஏ. படிக்கப் பணமில்லாமல் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் கலெக்டர் கச்சேரியிலும் வேலைக்குப் போனவர் அதுவரை காத்திருக்க வேண்டும். இதன் உட்கருத்து யாது? இருபது வயதில் ஒருவன் சூடாக இருப்பான். முப்பது வயதில் மனைவி மக்கள், உத்தியோகம், பென்ஷன் என்ற தளைகள் அவனை ஆற வைத்துவிடும். ஆறிய பிறகு வோட்டுக் கொடுப்பதில் அபாயமில்லை. அந்நிய ஆட்சி நம் வாலிபர்மீது கொண்டிருந்த அவநம்பிக்கைக்குப் பத்து வருஷம் என்பது அளவுகோலாக இருந்தது.

ஒரு வாலிபர் செய்த காரியம்

அந்த அவநம்பிக்கைக்கு நியாயம் உண்டா என்பதை அனுபவத்தைக் கொண்டு சோதிப்போம். கல்கத்தாவில் எம்.ஏ. பட்டம் பெற்றுச் சில வருஷங்களே ஆன ஆசுதோஷ் முகர்ஜி, 1889-ம் வருஷம் அந்நகரத்து சர்வகலாசாலையின் சபையில் இடம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 24. அவ்வயதில் உள்ளே நுழைந்தவர் அச்சபையின் ஒவ்வொரு விதியையும் கற்றார். 1906-ல் உப அத்தியக்ஷகரானபோது, எந்தக் கதவு எந்தச் சாவியால் திறக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பரீட்சை நடத்துவதையே முக்கிய வேலையாகக் கொண்டிருந்த ஸ்தாபனத்தை அவர் ஆராய்ச்சிக் கூடமாக மாற்றினார். 1917-ல் ஸி. வி. ராமன் அரசாங்கக் கணக்கு இலாகாவை விட்டு அங்கே ஆசிரியரானார். 1921-ல் தத்துவ சாஸ்திர ஆசனத்தில் அமர்ந்தவர் நம் திருத்தணி ராதாகிருஷ்ணன். இருபத்துநான்கு வயதில் ஒரு வாலிபருக்குக் கிடைத்த நாற்காலியின் பயன், முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பின் நம் தணிகைக்கே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம் அல்லவா?

அவர் நியமனத்தால் வந்தவர், மேதை, ஆயிரத்தில் ஒருவர். மேதைகளுக்கு வழி எப்படியும் பிறக்கும். சாமானியப் பட்டதாரிக்கு வழி ஏது என்பதே நம் கேள்வி.

சுதந்திரம் வந்த பிறகு

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் இந்தக் காத்திருப்பைக் குறைத்தது. மாகாண மேல்சபைகளில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஸ்தானங்களைப் பட்டதாரிகளுக்கு அது ஒதுக்கிற்று. பட்டம் பெற்று மூன்று வருஷம் ஆனவர் அதற்கு வோட்டளிக்கலாம். கர்ஸானின் பத்து, நம்மவர் கையில் மூன்றாயிற்று. சர்வகலாசாலைத் தொகுதியிலிருந்து சட்டசபைக்கு வந்து அதிகார வர்க்கத்தைத் திணறடித்த சத்தியமூர்த்தியைக் கண்ட நாட்டில் இது பொருத்தமான ஏற்பாடே.

ஆனால் தமிழ்நாட்டில் அந்த வாசலும் அடைபட்டுவிட்டது. 1986-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி நமது மேல்சபை கலைக்கப்பட்டது. அப்பொழுது அதன் தலைவராக இருந்தவர் ம. பொ. சிவஞானம். திருத்தணி வாசிகள் அப்பெயரை மறக்க மாட்டார்கள். ஆந்திரத்துடன் சேர்க்கப்பட்டிருந்த இவ்வூரை மீட்பதற்காக வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தியவர் அவர். 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி நம் ராஜ்யத்துடன் இணைந்தது. பள்ளிப் படிப்பை இளமையிலேயே இழந்து அச்சுக்கூடத்தில் உழைத்த அப்பெரியார், பட்டதாரிகளின் பிரதிநிதிகள் அமர்ந்த சபைக்குத் தலைமை வகித்தது ஜனநாயகத்தின் அழகு. அச்சபையே இல்லாமற் போனது காலத்தின் கோலம்.

எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது? ஆந்திரமும் 1985-ல் தன் மேல்சபையைக் கலைத்தது. ஆனால் 2007-ல் மீண்டும் அமைத்துக்கொண்டது. 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிரகாசம், நெல்லூர், சித்தூர் பகுதிப் பட்டதாரிகள் தங்கள் பிரதிநிதியைத் தெரிந்தெடுத்தார்கள். திருத்தணி முன்பு சேர்ந்திருந்த சித்தூர்தான் அது. நகரியில் வாழும் பட்டதாரிக்கு உள்ள ஒரு வோட்டு, மலையின் இப்புறத்தில் வாழும் பட்டதாரிக்கு இல்லை. எல்லைக்காகச் சிறை சென்றவர்களின் பேரப் பிள்ளைகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மேல்சபை போயிற்று; சர்வகலாசாலையின் ஸெனேட் இருக்கிறது. பதிவு பெற்ற பட்டதாரிகள் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுக்கும் உரிமை சென்னை சர்வகலாசாலைச் சட்டத்தில் இடம் பெற்றது. அவ்வுரிமையை அறிந்த பட்டதாரிகள் எத்தனை பேர்? பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி அணிந்து படம் எடுத்துக்கொண்டு ரெயிலேறும் வாலிபனிடம், பதிவேடு என்று ஒன்று உண்டு என எடுத்துச் சொல்வார் உண்டா? பதிவு செய்வோர் சிலரானால், தேர்தல் அந்தச் சிலருடைய கைக்குள்ளே அடங்கிவிடுவது இயல்பு. பிறகு, பட்டதாரி ஸ்தானங்களையும் மூத்தவர்களே பிடித்துக்கொண்டார்கள் என்று குறை கூறிப் பயனில்லை.

இப்பொழுது ஏன்?

சென்னை சர்வகலாசாலையின் அண்மைக் காலத்துக் கஷ்டங்களை நேயர்கள் அறிவார்கள். 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அந்த ஆசனம் நெடுநாள் காலியாகக் கிடந்தது. கவர்னர் ஒருபுறமும் ராஜ்ய சர்க்கார் மறுபுறமும் நின்று வழக்காடிய வேளையில், ஒரு கமிட்டி நிர்வாகத்தைக் கவனித்து வந்தது. 2024 பிப்ரவரியில் வரிப் பாக்கிக்காக வருமான வரி இலாகா அதன் பாங்கிக் கணக்குகளை முடக்கிற்று. யானைகள் இரண்டு மோதும்போது மிதிபடுவது புல். இங்கே புல்லாக இருந்தவர்கள், பட்டத்துக்கும் ஆராய்ச்சி உபகாரச் சம்பளத்துக்கும் காத்திருந்த வாலிபர்கள்.

சபையில் பேசக்கூடிய மற்றவர்களை எண்ணிப் பாருங்கள். ஆசிரியருக்குத் தம் உத்தியோகத்தைப் பற்றிய கவலை உண்டு. அதிகாரி மாற்றலாகிப் போய்விடுவார். சட்டசபை அங்கத்தினருக்குக் கட்சியின் கட்டளை உண்டு. மாணவனை உட்கார வைத்தாலோ, அவனுடைய பரீட்சைத் தாள் அச்சபையின் கையில் இருக்கிறது. பயமின்றிப் பேசுவது கடினம். முப்பது வருஷத்துக்கு முன் பட்டம் பெற்ற பெரியவர் தம் காலத்துக் கல்லூரியையே இன்றும் கண்முன் காண்கிறார். நேற்றுப் பட்டம் பெற்றவன் ஒருவனுக்கே குறையும் நினைவிருக்கிறது, பயமும் நீங்கியிருக்கிறது. தன் பட்டத்தை வேலை தேடும் சந்தையில் நீட்டி, அதற்கு என்ன விலை கிடைக்கிறது என்பதை அவன் அன்றாடம் அறிந்து வருகிறான். பாடத்திட்டத்தைப் பற்றி இவனைவிட உண்மையான சாட்சி யார்?

பிற நாட்டார் செய்வது

இது நம் கற்பனையன்று. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் நிர்வாக சபையில் 1969-ம் வருஷம் முதல் இளம் பட்டதாரிகளுக்கு ஸ்தானம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் பட்டம் பெற்று வெளியேறும் வகுப்பிலிருந்து ஒருவர் நான்கு வருஷத்துக்குத் தெரிந்தெடுக்கப்படுகிறார். கடைசி இரண்டு வகுப்பு மாணவரும், அண்மையில் வெளியேறிய இரண்டு வகுப்பாரும் வோட்டளிக்கிறார்கள். கோடீசுவரர்களும் நீதிபதிகளும் அமரும் மேஜையில், இருபத்திரண்டு வயது வாலிபர் சரிசமான வோட்டுடன் அமர்கிறார்.

ஸ்காத்லாந்தில் எடின்பரோ சர்வகலாசாலையின் ரெக்டர் என்பவர் நிர்வாக சபைக்குத் தலைமை வகிப்பவர். 1972-ல் அப்பதவிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர், அவ்வருஷமே பட்டம் பெற்றிருந்த கார்டன் பிரௌன், வயது 21. மூன்று வருஷம் அவர் அப்பதவியை வகித்தார். சர்வகலாசாலை இடிந்து விழவில்லை. அவரோ 2007-ல் பிரிட்டிஷ் பிரதம மந்திரியானார்.

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா தேசத்து கோர்டோபா நகரில் 1918-ம் வருஷம் மாணவர் பெருங்கிளர்ச்சி ஒன்று நடந்தது. ஆசிரியர், மாணவர், பட்டதாரி ஆகிய மூவகையாரும் சேர்ந்து சர்வகலாசாலையை ஆளவேண்டும் என்ற கொள்கை அதிலிருந்து அக்கண்டம் முழுதும் பரவிற்று. கர்ஸானின் பத்து வருஷ விதி நம்மவரைத் தடுத்து நின்ற அதே காலத்தில் அவர்கள் இதைச் சாதித்தார்கள் என்பதை நினைக்கும்போது, நமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

ஆட்சேபங்கள்

வாலிபருக்கு அனுபவம் இல்லை என்று சொல்வார் உளர். நம் அரசியல் சட்டப்படி 21 வயது நிரம்பியவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று, ஊர்ப் பணத்தை நிர்வகிக்கும் தலைவராகலாம். குளம், சாலை, குடிதண்ணீர் இவற்றை ஒப்படைக்கத் தகுந்தவனை, தான் படித்த கல்லூரியைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன் என்பது என்ன நியாயம்? சபை முழுவதையும் அவனிடம் கொடுக்கச் சொல்லவில்லை. பெரியவர்களோடு ஓரிரு ஸ்தானங்கள் போதும்.

கட்சி அரசியல் புகுந்துவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் கல்லூரித் தேர்தல்களில் கைகலப்பும் பணச் செலவும் நடந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நியமன ஸ்தானங்களில் கட்சி இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வார் யார்? முன்வாசலைச் சாத்திவிட்டால் கட்சி கொல்லை வழியாக வருகிறது, அவ்வளவே வித்தியாசம்.

மூன்றாவது ஆட்சேபமே கனமானது. வேலை தேடும் வயதில் இருப்பவனை அதிகாரத்தின் அருகில் உட்கார வைத்தால், அவன் சலுகைக்கு மயங்குவான் என்பது. இதற்குப் பரிகாரம் விதிகளில் இருக்கிறது. பதவி ஒரே ஒரு தடவைதான். பதவிக்காலத்திலும் அதன்பின் சில வருஷங்களிலும் அச்சர்வகலாசாலையில் சம்பள உத்தியோகம் கூடாது. இவ்விரு வேலிகளையும் போட்டால் பயிர் பத்திரமாக இருக்கும்.

செய்ய வேண்டியவை

ஆகவே நாம் கோருவது நான்கு. முதலாவது, பட்டம் அளிக்கும் தினத்தன்றே ஒவ்வொருவர் பெயரும் தாமாகவே பதிவேட்டில் ஏற வேண்டும். தனியாக மனுவோ கட்டணமோ வேண்டாம். இரண்டாவது, பட்டம் பெற்று ஐந்து வருஷத்துக்கு உட்பட்டவர்களுக்கென்று ஸெனேட்டில் சில ஸ்தானங்களும் ஸிண்டிகேட்டில் ஓர் ஸ்தானமும் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, அவர்கள் வருஷத்துக்கொரு முறை தாங்கள் செய்ததை எழுதி வெளியிட வேண்டும். நான்காவது, பிரயாணப்படியும் நாட்படியும் கொடுக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைச் சிறியது என்று கருத வேண்டாம். அம்மையார்குப்பத்துத் தறி வீட்டிலிருந்து பட்டம் பெற்று, சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் நாட்கூலிக்கு வேலை செய்பவன் ஒரு நாள் சபைக்கு வந்தால், அன்றைய கூலி போகிறது. படி கொடுக்காத ஸ்தானம் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே ஸ்தானமாகும். ஏழைப் பி.ஏ.யைப் பத்து வருஷம் வாசலில் நிறுத்திய கர்ஸானின் சட்டத்துக்கும் அதற்கும் அப்பொழுது பேதம் என்ன?

சட்டம் திருந்தும்வரை வாலிபர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இருக்கும் உரிமையைக் கேட்டு வாங்கட்டும். திருத்தணியிலும், அரக்கோணத்திலும், திருவள்ளூரிலும் உள்ள பட்டதாரிகள் ஊர்தோறும் கூடி, சட்டப்படி பதிவு செய்துகொள்ளும் வழியை விசாரித்து, தகுதியுள்ள ஒவ்வொருவரையும் பதிவேட்டில் ஏற்றட்டும். தேச ஊழியர்கள் இதற்கு உதவ வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடுவீடாக நடக்கும் நம் ஊழியர்களுக்கு இது புதிய வேலையல்ல.

தணிகை மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். வருஷக் கடைசி இரவில் பக்தர்கள் ஒவ்வொரு படியிலும் நின்று பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். எந்தப் படியையும் தாண்டிக் குதிப்பதில்லை. நாம் வாலிபருக்குக் கேட்பதும் மலையுச்சியையன்று, முதற்படியைத்தான். அதில் கால் வைக்கப் பத்து வருஷம் காத்திரு என்று சொன்னது அந்நிய அரசு. நம்முடைய அரசும் நம்முடைய சர்வகலாசாலையும் அவ்விதம் சொல்லலாகாது.